பாயைப் பார்த்துப் படகை வாங்காதீர்கள்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1982இல் மெக்கானிக்கல் முடித்து இந்த வாசலை விட்டு வெளியேறியவன். கடந்த பதினெட்டு வருடமாகக் கொட்டிவாக்கத்தில் குடியிருக்கிறேன். வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான், "நீங்க கடற்கரைக்காரர், படகு பத்திப் பேசுங்க" என்று செயலாளர் எனக்கு உத்தரவு போட்டார். உண்மையில் படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு படகை வாங்கி ஏமாந்ததில் கற்றுக்கொண்டதுதான். ஏமாந்தது நான். அதற்கு விலை கொடுத்தது இந்தக் கல்லூரியின் மாணவி ஒருத்தி. அதை மறைக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இன்று மதியம் சங்கப் பொதுக்குழுவில், பாய்ப்படகுக் குழுவுக்கு இன்னும் இரண்டு பழைய படகு வாங்குவது பற்றித் தீர்மானம் வருகிறது. கை தூக்குவதற்கு முன்னால் இந்தக் கதையைக் கேட்டுவிடுங்கள்.

2017இல் நம் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் பாய்ப்படகு ஓட்டப் பழகவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். சென்னைக்கு இது புது ஆசை இல்லை. துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. துறைமுகத்தைக் கட்டி வளர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கி வைத்தது. ஆனால் நம்மைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரமாகவே இருந்தது. பழைய மாணவர்கள் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டோம். ஒன்றேகால் லட்சம் சேர்ந்தது. வெளியூர்க்காரர் ஒருவர், "லேசர் ரேடியல், 2004 மாடல், நல்ல கண்டிஷன்" என்று சொல்லி நாலு போட்டோ அனுப்பினார். சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்டோவில் பாய் பளிச்சென்று தெரிந்தது. பாயில் ஆறு இலக்க எண், 18 என்று தொடங்கியது. எந்த எண் எந்த வருடம் என்று பட்டியல் இருக்கிறது. பார்த்தேன். 2004 வாக்கில் என்று வந்தது. "ஓகே" என்று எழுதி அனுப்பிவிட்டேன். முப்பது வருடம் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான்! வந்த சரக்கைப் பிரிக்காமல் பில்லில் கையெழுத்துப் போட்ட ஒருவரை ஒருமுறை சஸ்பெண்ட் பண்ணியிருக்கிறேன். அதே காரியத்தை நானே செய்தேன்.

தெரியாதவர்களுக்காக லேசர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு. நாலு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். ஃபைபர் உடல் மட்டும் 59 கிலோ. இரண்டு பேர் தூக்கிக் கார் மேல் வைத்துவிடலாம். கனடாக்காரர் புரூஸ் கெர்பி, 1969இல் நண்பர் இயன் புரூஸோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது காகிதத்தில் கிறுக்கிய படம்தான் இது. முதலில் 'வீக்எண்டர்' என்று பெயர் வைத்தார்கள். 1971 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'லேசர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டிவிட்டார்கள். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. கெர்பி 2021இல் தம் 92ஆம் வயதில் காலமானார்.

இதன் பெருமையே எல்லாப் படகும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற விதிதான். காசு உள்ளவன் வேகமான படகு கட்டி ஜெயிக்கக் கூடாது. காற்றைப் படிக்கத் தெரிந்தவன்தான் ஜெயிக்கவேண்டும். அதனால் 1975இல் கட்டிய உடலும் 2015இல் கட்டிய உடலும் வடிவத்தில் ஒன்றே. நல்ல விதி. ஆனால் பழைய படகு வாங்குகிறவனுக்கு இதுவே தலைவலி. அம்பாஸடர் காரில் முன்கிரில்லைப் பார்த்து 'மார்க் 2', 'மார்க் 3' என்று சொல்லிவிடலாம். லேசரில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நாற்பது வயதுப் படகும் நாலு வயதுப் படகும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே உடலில் மூன்று படகு இருக்கிறது. முழு அளவுப் பாய் 7.06 சதுர மீட்டர். அது 'ஸ்டாண்டர்ட்'. எடை குறைந்தவர்களுக்கு 5.76 சதுர மீட்டர் பாய். அது 'ரேடியல்'. சிறுவர்களுக்கும் இன்னும் லேசானவர்களுக்கும் 4.7 சதுர மீட்டர். அதன் பெயரே '4.7'. உடல், சுக்கான், நடுவில் செருகும் பலகை எல்லாம் மூன்றுக்கும் பொது. பாய்மரம் இரண்டு துண்டு அலுமினியக் குழாய். மேல்துண்டும் பொது. அடித்துண்டும் பாயும்தான் மாறும். காலையில் ஸ்டாண்டர்டாக இருந்த படகைச் சாயங்காலம் ரேடியலாக்கி மகளிடம் கொடுத்துவிடலாம். ஆக, "இது எந்த லேசர்?" என்று கேட்டால் அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. உடல் எந்த வருடத்தது? மேலே மாட்டியிருப்பது எந்த வகை? நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். படகு வந்தது. எங்கள் வீட்டுக் காம்பவுண்டில், வேப்பமரத்தடியில், இரண்டு பழைய டயர் மேல் வைத்தோம். மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கழுவித் துடைப்பார்கள். பிறகு லாரியில் ஏற்றி, தெரிந்தவர்கள் தயவில் துறைமுகத்தில் இறக்கிப் பழகுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், அப்போது மூன்றாம் வருடம். 56 கிலோ எடை. ரேடியலுக்குப் பொருத்தமான எடை. நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே காற்று திரும்புவதை முதுகால் உணருவாள். அலையில் சாய்ந்து பலகைக்கு வெளியே தொங்குவாள். ஒரு வருடத்தில் மற்றவர்கள் எல்லோரையும் முந்திவிட்டாள். மறு வருடம், கடைசி வருடப் படிப்பில், ஒரு போட்டிக்கு ரேடியல் பிரிவில் பெயர் கொடுத்தோம். இந்தக் கல்லூரியிலிருந்து பாய்ப்படகுப் போட்டிக்குப் போன முதல் பெயர் அவளுடையது.

போட்டிக்கு முந்தின நாள் அளவு பார்ப்பார்கள். அளவு பார்க்க வந்தவர் மரியாதையான மனிதர். முதலில் பாய் எண்ணைப் பார்த்தார். பிறகு படகின் அணியத்து முனையில், கயிறு கட்டும் வளையத்தின் அடியில் டார்ச் அடித்தார். விரலால் தடவினார். தலையை நிமிர்த்திச் சொன்னார்: "பாய் எண்ணும் உடல் எண்ணும் ஒத்துப்போகலையே." பிறகு பாய்மரத்தின் அடித்துண்டில் டேப் வைத்தார். குழாயைப் புரட்டி நுனியைக் காட்டினார். ரம்பம் ஓடிய வரி தெரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான், ஸ்டாண்டர்ட் அடித்துண்டை வீட்டிலேயே ரம்பத்தால் அறுத்து 'ரேடியல்' ஆக்கியிருக்கிறார். விதிப்படி அனுமதி பெற்ற தொழிற்சாலை செய்த துண்டுதான் செல்லும். அந்த நேரத்தில் வேறு துண்டு யாரிடமும் உபரி இல்லை. மூன்று நாள் போட்டியில் அந்தப் பெண் கரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் முடித்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கொட்டிவாக்கம் வந்தாள். அழவில்லை. கோபமும் காட்டவில்லை. படகுப் பக்கத்தில் நின்று ஒரே கேள்வி கேட்டாள். "ஸார், வாங்கும்போது இதை யாரு பாத்தாங்க?"

"நான்தாம்மா" என்றேன்.

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிலைமை புரிந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த மௌனத்தை உடைத்தவர் எங்கள் தெருவுக்கு அடிக்கடி மீன் கொண்டுவரும் குப்பத்துப் பெரியவர். எழுபது வயதுக்கு மேல். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "இன்னா ஸார், பாயப் பாத்தா போட்டு வாங்குவாங்க? பாய் இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. மரத்தப் பாக்க வேணாமா?" என்றார்.

"அண்ணே, எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்து கட்டுமரத்தைப் பற்றிச் சொன்னார். இளைஞர்கள் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். சுனாமிக்குப் பிறகு, 2004க்கு அப்புறம், நம் கரை முழுக்க ஃபைபர் படகும் எஞ்சினும் நிறைந்துவிட்டன. 'கேட்டமரான்' என்று உலகம் முழுக்க இரட்டை உடல் படகுக்குச் சொல்கிறார்களே, அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் நம்முடையது இரட்டை உடல் இல்லை. லேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். தண்ணி குடித்த மரம் கனக்கும் இல்லையா? பக்கத்து மரம் பழுதானால் மாற்றுவார்கள். கயிறு மாறும், பாய் மாறும், துடுப்பு மாறும்.

"அப்படி எல்லாத்தையும் மாத்திட்டா, அது அதே மரம்னு எப்படிண்ணே சொல்வீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நடுமரம் எதுவோ அதான்மா அந்த மரம். எங்கப்பன் செதுக்கின நடுமரம் எனக்கு இருட்டுல கை வெச்சாத் தெரியும். மத்ததெல்லாம் வந்து போறது" என்றார்.

நண்பர்களே, நாலு வருடம் மெட்டீரியல்ஸ் படித்து, முப்பது வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்து எனக்கு வராத பாடம் அது. எது மாறக்கூடியதோ அதை வைத்து அடையாளம் சொல்லாதே. மாற்ற முடியாததைத் தேடு. லேசரில் நடுமரம் எது? அன்றைக்கே இரண்டு பேரும் தேட ஆரம்பித்தோம். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கண்டுபிடித்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உடலில் வார்த்த எண். பழைய லேசர்களில் அணியத்து வளையத்தின் அடியில் டெக்கோடு சேர்த்து வார்த்திருப்பார்கள். பிந்தியவற்றில் பின்பலகையில் ஒரு தயாரிப்பு எண் இருக்கும். பாய் எண்ணைத் தனித் தகட்டில் எழுதி உட்காரும் குழியில் ஒட்டியிருப்பார்கள். எங்கள் படகில் வளையத்தடியில் பெயின்ட் மூடியிருந்தது. என் மனைவி கோலமாவைக் கொண்டுவந்து தூவித் துணியால் துடைத்தாள். பள்ளத்தில் மாவு தங்கி எண் வெள்ளையாக எழுந்து நின்றது. ஐந்தே இலக்கம்! ஒரு லட்சத்துக்கும் கீழே! அதாவது 1980களின் தொடக்கத்துப் படகு. நான் இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய காலத்தில் பிறந்தது. 2004 மாடல் என்று நம்பி என் வயதுக்காரனை வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது, பின்பலகையின் வலதுமூலையில் இருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டிய படகுகளுக்கு இது கட்டாயம். கட்டியவர் யார், வரிசை எண் என்ன, எந்த மாதம், எந்த வருடம் என்று அதிலிருந்து படிக்கலாம். இங்கே ஒரு குழி இருக்கிறது. 1984க்கு முந்தின ஒரு முறையில் 'ஏ' என்ற எழுத்து ஆகஸ்டைக் குறிக்கும். 1984 ஆகஸ்டில் வந்த புது முறையில் அதே 'ஏ' ஜனவரி. எந்த முறை என்று தெரியாமல் படித்தால் மாதம் மாறும், சில சமயம் வருடமும் மாறும். எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் எந்த அகராதி என்று கேளுங்கள்.

மூன்றாவது, பாய்மரத்தின் அடித்துண்டு. வருடத்தை இது சொல்லாது. வகையைச் சொல்லும். ரேடியல் துண்டு ஸ்டாண்டர்டைவிட ஏறக்குறைய இரண்டு அடி குட்டை. 4.7இன் துண்டு அதைவிடக் குட்டை. தவிர, லேசாகப் பின்னால் வளைந்திருக்கும். அளந்தால் மட்டும் போதாது. அறுத்தவனும் அளந்துதானே அறுத்திருப்பான்! நுனியைப் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட அடைப்பு ஒழுங்காக இருக்கிறதா, ரம்ப வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நாலாவது, பாய். பழைய ஸ்டாண்டர்ட் பாயில் துணிப்பட்டைகள் குறுக்காக, ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்திருக்கும். ரேடியல் பாயில் பட்டைகள் மூலைகளிலிருந்து விசிறி மாதிரி விரியும். அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். "அப்ப தையலைப் பாத்தா போதும்" என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தப் பெண்தான் நிறுத்தினாள். 2010களின் நடுவில் ஸ்டாண்டர்டுக்கும் புதுப் பாய் வந்திருக்கிறது. 'மார்க் 2' என்கிறார்கள். அதன் பட்டைகளும் விசிறியாகத்தான் விரிகின்றன. ஆகவே தையலை நம்பாதீர்கள், டேப்பை நம்புங்கள். இன்னொன்று. எங்கள் பாய் உண்மையான 2004 ரேடியல் பாய்தான். பாய் பொய் சொல்லவில்லை. அது தன் வயதைச் சொன்னது. அதைப் படகின் வயது என்று எடுத்துக்கொண்டது நான்.

ஐந்தாவது, சில்லறைச் சாமான்கள். பாயைக் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இழுத்து முறுக்கும் கயிறுகளுக்கு 2001 வாக்கில் நல்ல கப்பிகள் போட அனுமதி வந்தது. ஆரம்பக் காலத்தில் சுக்கானும் நடுப்பலகையும் மரம். பின்னால் நுரையும் ஃபைபரும் ஆனது. பாய்மரத்தின் மேல்துண்டுக்கு அலுமினியத்துக்குப் பதில் நார்க்கலவைக் குழாயும் வந்துவிட்டது. இவற்றைப் பார்த்துப் பலர் "புதுப் படகு" என்கிறார்கள். இவை எல்லாம் கடையில் வாங்கிப் பழைய உடலில் மாட்டக்கூடியவை. எழுபது வயதுத் தாத்தாவுக்குப் பேரனின் டிஷர்ட் போட்டால் வயது குறைந்துவிடுமா?

ஆறாவது, உடல்நலம். எந்த வருடம் என்பதைவிட இது முக்கியம். பாய்மரத்தைச் செருகும் குழி இருக்கிறதே, அதில் தண்ணீர் ஊற்றி மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். கால்மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடி விரிசல் விட்டுத் தண்ணீர் உடலுக்குள் போகிறது என்று அர்த்தம். காற்றில் ஒருநாள் பாய்மரம் டெக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். அடுத்து, இரண்டு தராசு வைத்து எடை பாருங்கள். 59 கிலோ இருக்கவேண்டியது 67, 68 என்று வந்தால் உள்ளே தண்ணி குடித்திருக்கிறது. பெரியவர் கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போடுவார். இதை அப்படிப் பிரிக்க முடியாது. எங்கள் படகின் மட்டம் பத்து நிமிடத்தில் இரண்டு விரற்கடை இறங்கியது. அதில்தான் ஒரு வருடம் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழாவது, பெயர். 2019இல் ஐரோப்பா, அமெரிக்காவுக்குப் படகு கட்டிவந்த நிறுவனத்துக்கும் லேசர் சங்கத்துக்கும் பிணக்கு வந்து, அந்த நிறுவனத்தின் அனுமதி போயிற்று. லேசர் என்ற வணிகப் பெயர் சங்கத்தின் கையில் இல்லை. எனவே சங்கம் தன் பெயரின் முதலெழுத்துகளையே படகுக்கு வைத்தது. ஐ.எல்.சி.ஏ. ஸ்டாண்டர்ட் 'ஐ.எல்.சி.ஏ. 7' ஆனது, ரேடியல் '6', 4.7 என்பது '4'. படகு அதே படகு. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 'லேசர் ரேடியல்' ஓட்டினார், பாரிஸில் 'ஐ.எல்.சி.ஏ. 6' ஓட்டினார் என்று பேப்பரில் படித்துவிட்டு, "படகை மாத்திட்டாங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. மாற்றவில்லை. 2021இல் டோக்கியோவில் 35ஆம் இடம், 2024இல் பாரிஸில் 21ஆம் இடம். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஆண்கள் பிரிவில் 20இலிருந்து 18க்கு வந்தார். 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ. 7 படகில் அவர் வெண்கலம் வாங்கினார். பெயர் மாறியதால் படகு மாறவில்லை. ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். பிணக்குக்குப் பிறகு அனுமதியில்லாமல் கட்டிய படகு பார்வைக்கு அதேபோல் இருந்தாலும் சங்கத்தின் போட்டிகளில் செல்லாது. குழியில் ஒட்டியிருக்கும் உலகப் பாய்ப்படகுச் சங்கத்தின் தகட்டைப் பாருங்கள்.

இத்தனையும் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கு நிஜமான அடி விழுந்தது. அந்தப் பெண் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். "ஸார், பழைய போட்டா இருந்தாலும் போட்டிக்குச் செல்லும் ஸார். வயசு வரம்பே கிடையாது. சரியான அடித்துண்டு ஒண்ணு வாங்கி, பாய்ல நம்ம உடல் எண்ணை ஒட்டியிருந்தாப் போதும்."

யோசித்துப் பாருங்கள். படகு தகுதியில்லாதது இல்லை. நான் அதை உள்ளபடி தெரிந்துகொண்டிருந்தால், ஒரு குழாய்க்கும் ஐந்து ஸ்டிக்கர் எண்ணுக்கும் செலவு செய்து, குழியை அடைத்து, அவளைப் போட்டிக்கு அனுப்பியிருக்கலாம். கையில் ஒரு வருடம் இருந்தது. விற்றவர் தப்பாகச் சொன்னார், உண்மைதான். ஆனால் படகு பன்னிரண்டு மாதம் என் வேப்பமரத்தடியில் கிடந்தது. டார்ச் என் வீட்டில் இருந்தது. கோலமாவும் இருந்தது. பாயில் எழுதியிருந்ததை நம்பியதால் நான் குனிந்து பார்க்கவில்லை. அவளுக்கு அது கடைசி வருடம். அந்த வாய்ப்பு திரும்பவில்லை.

பிறகு செய்யவேண்டியதைச் செய்தோம். குழியை எபாக்சி போட்டு அடைத்தோம். உள்ளே காற்றோட்டம் விட்டு வெயிலில் இரண்டு மாதம் உலர்த்தினோம். நான் என் செலவில் முறையான ரேடியல் அடித்துண்டு வரவழைத்தேன். பாயிலிருந்து பழைய எண்ணைப் பிய்த்துவிட்டு, உடலின் சொந்த ஐந்து இலக்க எண்ணை ஒட்டினோம். எண்ணை ஒட்டியது அந்தப் பெண். அவள் படிப்பு முடிந்து போன பிறகு, அதே படகில் அவளுடைய ஜூனியர்கள் இரண்டு பேர் போட்டிக்குப் போனார்கள். பதக்கம் வாங்கவில்லை. அளவு பார்ப்பவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, போங்க" என்றாராம். ஃபோனில் அதைக் கேட்டபோது எனக்கு அதுவே பதக்கம் மாதிரி இருந்தது.

மாணவர்களே, இந்தப் படகுக் கதையை உங்களுக்குச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போவீர்கள். ஒரு எந்திரம் வரும், ஒரு அறிக்கை வரும், ஒரு ஆள் வருவார். எல்லோரும் தத்தம் பாயைத்தான் முதலில் விரித்துக் காட்டுவார்கள். குனிந்து வளையத்தடியில் பார்க்க உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். முழங்காலில் மண் ஒட்டும். சீனியர்கள் யாராவது "அதெல்லாம் எதுக்குப்பா?" என்பார்கள். பார்த்துவிடுங்கள். பழையது என்று தெரிந்தால் அவமானம் இல்லை, பழையதை வைத்துக்கொண்டும் ஓட்டலாம். எது என்று தெரியாமல் அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் தப்பு.

மதியத் தீர்மானத்துக்கு வருகிறேன். இரண்டு படகுக்கான நன்கொடைப் பட்டியலைச் செயலாளர் எனக்குக் காட்டினார். முதல் பெயர் யாருடையது தெரியுமா? அந்தப் பெண்ணுடையது. இப்போது விசாகப்பட்டினத்தில் வேலையில் இருக்கிறாள். லீவு கிடைக்காததால் இன்று வரவில்லை. பணத்தோடு ஒரு நிபந்தனையும் எழுதி அனுப்பியிருக்கிறாள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்கவேண்டும், டார்ச், டேப், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் கோலமாவு கொண்டுபோகவேண்டும், அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் கைமாறவேண்டும் என்று.

கடைசி வரியில், "ஸாரைத் தனியா அனுப்பாதீங்க" என்றும் எழுதியிருக்கிறாள்.

அந்த நிபந்தனையோடு தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிந்து கை தூக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.